பத்துக் குடம் தண்ணீரும் ஒரு பெரிய ஏரியும்

நாளை பயணம் என்றால் இன்று சாயங்காலமே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும் பெண்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். யாரும் சொல்லித்தந்த பழக்கம் இல்லை. வழியில் கழிப்பறை இருக்காது. இருந்தாலும் உள்ளே கால் வைக்க முடியாது. வண்டியை நிறுத்தச் சொல்லிக் கேட்கவும் கூச்சம். அதற்கு ஒரே வழி நாக்கு வறண்டாலும் வாயைத் திறக்காமல் இருப்பது.

தென்காசியிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருக்கும் இந்த அம்மாவும் அந்த ரகம்தான். வயது 71. சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறார். இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மகள் இருப்பது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸ் நகரத்தை ஒட்டி. இது அம்மாவின் மூன்றாவது வருகை. முதல் தடவை பேத்தி பிறந்தபோது வந்தார். இரண்டாம் தடவை மகளுக்கு ஆபரேஷன் நடந்தபோது. இரண்டு தடவையும் சமையலறையிலிருந்து ஜன்னல் வழியே பனியைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர். மேப்பிள் குரோவில் உள்ள கோயில், காஸ்ட்கோ, மால் ஆஃப் அமெரிக்கா. அவர் பார்த்த அமெரிக்கா இவ்வளவுதான்.

"இனிமே இத்தன மணி நேரம் பிளைட்டுல காலைத் தொங்கப் போட்டு உக்கார முடியாதுட்டி. இதான் கடைசி." சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே, யாருக்கோ நடக்கப்போவதைச் சொல்வதுபோல அவர் சொன்னது மே மாதக் கடைசியில். செப்டம்பர் முதல் வாரத்தில் திரும்ப டிக்கெட். அன்று இரவே மகளும் மருமகனும் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

மினசோட்டாவைப் பத்தாயிரம் ஏரிகளின் நாடு என்பார்கள். உண்மைக் கணக்கு அதைவிடக் கூடுதல். பத்து ஏக்கருக்கு மேற்பட்டவை மட்டுமே 11,842. ஆனால் வடக்கே போகிறவர்கள் தேடிப் போவது ஒரே ஏரியை. சுப்பீரியர். பரப்பளவு சுமார் 82,000 சதுர கிலோமீட்டர். இலங்கைத் தீவை அப்படியே தூக்கி உள்ளே வைத்தாலும் சுற்றிலும் தண்ணீர் மிச்சமிருக்கும். ஆழமான இடத்தில் 406 மீட்டர். துலூத் நகரத்திலிருந்து கனடா எல்லை வரை ஏரிக்கரையை ஒட்டியே 61ஆம் எண் நெடுஞ்சாலை ஓடுகிறது, ஏறக்குறைய 150 மைல். ஒரு பக்கம் கடல் மாதிரி ஏரி. மறுபக்கம் காட்டிலிருந்து பாறைகளில் குதித்து இறங்கும் ஆறுகள். குற்றாலத்துக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு அருவி காட்டுவதென்றால் சும்மாவா?

"குளிக்க விடுவாங்களா?" என்பதுதான் அம்மாவின் முதல் கேள்வி. அருவி என்று ஒன்று இருந்து, அதில் தலையைக் கொடுக்க முடியாதென்றால் அதைப் போய்ப் பார்ப்பானேன் என்பது தென்காசிக்காரர்களின் நியாயம். கோடையிலும் கை வைத்தால் விறைக்கிற தண்ணீர் என்றதும், "அப்ப அந்தாக்குல நின்னு கும்பிட்டுட்டு வந்துர வேண்டியதுதான்" என்று முடித்துக்கொண்டார்.

காரில் போய் ஓட்டல்களில் தங்குவது என்பதுதான் முதல் யோசனை. அதில் அம்மாவின் பழைய பழக்கம் குறுக்கே வந்தது. போன வருகையில் இரண்டு மணி நேரக் கார்ப் பயணத்துக்கே காலையிலிருந்து காபிகூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தவர். இன்சுலின் போடுகிறவர் தண்ணீரும் ஆகாரமும் இல்லாமல் ஐந்து நாள் அலைந்தால் என்ன ஆகும்? மருமகன்தான் ஆர்.வி. என்றார். கட்டில், அடுப்பு, பிரிட்ஜ், கழிப்பறையோடு உள்ள வீட்டு வண்டி. வாடகைக்குக் கிடைக்கும். மினசோட்டாவில் சாதாரணக் கார் லைசென்ஸ் போதும்.

கேட்க எளிதாகத்தான் இருந்தது. மருமகன் பார்த்து வைத்தது 25 அடி நீள வண்டி, உயரம் பதினொரு அடிக்கு மேல். திரும்பும்போது பின்பாகம் எதிர்ப்பக்கமாக வீசும். கிளைகளும் பெட்ரோல் பங்க் கூரைகளும் தலைக்கு மேல் இருப்பதை மறக்கக் கூடாது. எடுக்கிற நாளில் அரை மணி நேரம் காலியான பார்க்கிங்கில் ஓட்டிப் பழகிவிட்டுத்தான் சாலையில் இறங்குவது என்று அவர் தனக்குத் தானே விதி போட்டுக்கொண்டார். வாடகை என்பதும் ஒற்றை எண்ணாக இல்லை. ஓர் இரவுக்கு இவ்வளவு, குறிப்பிட்ட மைலுக்கு மேல் மைலுக்கு இவ்வளவு, ஜெனரேட்டர் ஓடும் மணிக்கு இவ்வளவு, சுத்தம் செய்யாமல் திருப்பினால் இவ்வளவு. சொந்தக் காருக்கு எடுத்த இன்சூரன்ஸ் இந்த வண்டிக்குச் செல்லுமா என்பதைப் போன் போட்டுக் கேட்டே ஆக வேண்டும். பல பாலிசிகள் செல்லாது. ஒரு கேலனுக்கு 8 முதல் 10 மைல்தான் கொடுக்கும். போக வரச் சுமார் 650 மைல் என்றால் 70 கேலன் பக்கம் பெட்ரோல். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் ஓட்டலைவிட மலிவு என்று சொல்லவே முடியாது. மலிவு என்று நினைத்து ஆர்.வி. எடுக்கிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள்.

இன்னொரு உண்மையும் தெரியவந்தது. வண்டிக்குள்ளேயே கழிப்பறை இருக்கிறது என்பதற்காக ஓடும்போது எழுந்து போகக் கூடாது. ஓடுகிற வண்டியில் எல்லாரும் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் எந்த ஓரத்தில் நிறுத்தினாலும் சுத்தமான, சொந்தமான ஓர் அறை கூடவே வருகிறது. யாரும் கதவைத் தட்டப் போவதில்லை. அதனால் மகள் போட்ட திட்டத்தில் ஊர்களைவிட நிறுத்தங்கள் முதலில் வந்தன. மணிக்கு ஒரு தடவை வண்டி நிற்கும், யாரும் கேட்க வேண்டியதில்லை. மினியாபொலிஸுக்கும் துலூத்துக்கும் நடுவே ஹிங்க்லியில் ஒரு காபி. அப்புறம் துலூத். அதற்கப்பால் கூஸ்பெரி அருவிப் பூங்காவின் பார்வையாளர் மையம். அதுவே நெடுஞ்சாலையின் ஓய்விடமும் என்பதால் அங்கே நிறுத்த அனுமதிச் சீட்டு வேண்டாம். மற்ற மாநிலப் பூங்காக்களுக்கு வண்டிக்கு ஒரு நாள் சீட்டும் உண்டு, ஆண்டு முழுவதற்குமான சீட்டும் உண்டு. ஐந்தாறு தடவை நுழையப் போகிறோம் என்றாலே ஆண்டுச் சீட்டு லாபம்.

தண்ணீர்க் கணக்கில்தான் வீட்டுக்குள் ஆட்சி மாறியது. அந்த வண்டியின் தொட்டியில் சுமார் 40 கேலன், அதாவது 150 லிட்டர் நல்ல தண்ணீர் பிடிக்கும். நான்கு பேர், இரண்டு நாள். நிமிடத்துக்கு ஒன்றரை, இரண்டு கேலன் ஊற்றும் ஷவரில் பதினான்கு வயதுப் பேத்தி வழக்கம்போல இருபது நிமிடம் நின்றால் தொட்டி காலி. மகள் இதைச் சொல்லிக் கவலைப்பட, அம்மா கேட்டார்: "நூத்தம்பது லிட்டர்னா எத்தன குடம்?" பத்துக் குடம் என்றாள் மகள்.

"பத்துக் குடமா! பத்துக் குடத்துல ஒரு கல்யாண வீட்டையே ஒப்பேத்திருவேனே!"

கோடையில் நாலு நாளைக்கு ஒரு தடவை குழாயில் தண்ணீர் வந்த தெருவில் குடித்தனம் செய்தவர். அரை வாளியில் தலைக்குக் குளிப்பது, அரிசி களைந்த தண்ணீரில் பாத்திரத்தை முதல் அலசு அலசுவது, தட்டைக் கழுவுமுன் தாளால் துடைத்துவிடுவது, இதெல்லாம் அவருக்குக் கைவந்த கலை. ஆர்.வி. வைத்திருப்பவர்கள் அனுபவத்தில் கற்றுக்கொள்ளும் பாடமும் ஏறத்தாழ இதுவே. அன்றிலிருந்து தண்ணீர் இலாகா அம்மாவிடம். சோப்புப் போடும்போது ஷவரை மூட வேண்டும் என்று பேத்திக்கு உத்தரவு. அவள் முறைத்தாள்.

அடுத்து வந்தது இடம் பிடிக்கும் வேலை. மினசோட்டா மாநிலப் பூங்காக்களில் தங்கும் நாளுக்கு 120 நாள் முன்பே பதிவு திறந்துவிடும். ஆகஸ்டு முதல் வாரத்துக்கு ஏப்ரலிலேயே ஆட்கள் முந்திக்கொண்டிருந்தார்கள். வெள்ளி, சனி இரவுகள் ஒன்றுகூட இல்லை. ஞாயிறு கிளம்பி வெள்ளி திரும்புவது என்று நாட்களைத் திருப்பிப் போட்டதும் வழி திறந்தது. ஜூன் மாதத்தில் போயிருந்தால் இடம் கிடைத்திருக்குமே என்றால், அது கரு ஈக்களும் கொசுவும் மனிதரைத் தூக்கிக்கொண்டு போகும் காலம். செப்டம்பர் கடைசியில் மேப்பிள் இலைகள் சிவக்கும் அழகு தனி. அதற்குள் அம்மா ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். ஆகஸ்டிலும் ஏரியோரம் இரவில் ஸ்வெட்டர் கட்டாயம்.

முதல் இரண்டு இரவு கூஸ்பெரி. அங்கே வண்டிக்கு மின்சார இணைப்பு கிடையாது. இரவு பத்து மணியிலிருந்து காலை எட்டு வரை ஜெனரேட்டர் போடவும் கூடாது. இன்சுலின் என்ன ஆகும் என்ற பயம் உடனே வந்தது. வாடகைக்கு எடுக்கும் வண்டியில் இருப்பது காஸில் ஓடும் பிரிட்ஜ் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். ஆனால் அந்த வகைப் பிரிட்ஜ் ஒழுங்காக வேலை செய்ய வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். உள்ளே குளிரூட்டும் தகடை ஒட்டி வைத்தால் மருந்து உறைந்தும் போகலாம். உறைந்த இன்சுலின் குப்பைக்குத்தான். அதனால் கதவுத் தட்டில் ஒரு டப்பா, டப்பாவுக்குள் ஒரு சிறிய வெப்பமானி. பயன்பாட்டில் இருக்கும் பேனா சில வாரம் அறை வெப்பத்தில் தாங்கும் என்பது ஒரு சமாதானம். மிச்ச மருந்தில் பாதி எப்போதும் தனிப் பையில். வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு எடுக்கும் மருத்துவ இன்சூரன்ஸ், ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பெரும்பாலும் கைகொடுக்காது. ஆகவே மருத்துவர் எழுதிய சீட்டின் நகல் இரண்டு இடத்தில். கிராண்ட் மரைஸ் ஊரில் சிறிய மருத்துவமனை உண்டு, பெரிய மருத்துவமனை துலூத்தில், நடுவே 110 மைல், போகும் வழியில் பல இடங்களில் சிக்னல் இல்லை. இதெல்லாம் ஒரு தாளில் எழுதி, கதவில் ஒட்டுவதற்குத் தயாராக இருக்கிறது. பயமுறுத்துவது மாதிரி இருந்தாலும் வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் இந்தத் தாளை எழுதாமல் கிளம்பக் கூடாது.

அதற்கடுத்த இரண்டு இரவு கிராண்ட் மரைஸ் ஊராட்சியின் கேம்ப்கிரவுண்டில், ஏரியை ஒட்டி, மின்சாரத்தோடு. அங்கிருந்து ஒரு நாள் 36 மைல் தள்ளி எல்லையோரம் உள்ள கிராண்ட் போர்ட்டேஜ். பிஜன் ஆறு 120 அடி உயரத்திலிருந்து விழும் இடம் அது. அரை மைல் சமமான பாதை, சக்கர நாற்காலிகூடப் போகும். பார்த்ததும் மகள் கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டாள். ஒஜிப்வே மக்களின் ஊர் அது. சுப்பீரியருக்கு அவர்கள் வைத்த பெயர் கிச்சிகாமி. ஒருகாலத்தில் உரோம வியாபாரிகள் இங்கே படகையும் மூட்டையையும் தோளில் சுமந்து எட்டரை மைல் மலைப்பாதையில் நடந்திருக்கிறார்கள், அருவிகளில் படகு போகாதே.

வழியில் ஸ்பிளிட் ராக் கலங்கரை விளக்கம் எல்லாருக்கும் சம்மதம். 1905 நவம்பரில் அடித்த புயலில் இந்த ஏரியில் பல கப்பல்கள் சிதைந்தன. அதன் விளைவாகக் கட்டப்பட்டு 1910இல் எரியத் தொடங்கியது. அப்போது அங்கே சாலையே கிடையாது. செங்கல் முதல் சாப்பாடு வரை கப்பலில் கொண்டுவந்து, செங்குத்துப் பாறை மேல் கிரேன் வைத்துத் தூக்கினார்கள். 1969இல் பணி முடிந்தாலும், 1975இல் எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற சரக்குக் கப்பல் 29 பேரோடு மூழ்கிய நவம்பர் 10ஆம் தேதியில் ஆண்டுதோறும் விளக்கை ஏற்றுகிறார்கள். "ஏரியில கப்பல் முங்குமா?" என்று அம்மா இரண்டு தடவை கேட்டார்.

சண்டை வந்தது டெவில்ஸ் கெட்டில் என்ற இடத்தில். ஜட்ஜ் மாக்னி பூங்காவில் புரூல் ஆறு பாறையில் மோதி இரண்டாகப் பிரிகிறது. ஒரு பாதி வழக்கம்போல விழுந்து ஓடுகிறது, மறு பாதி ஒரு குழிக்குள் இறங்கிக் காணாமல் போகிறது. பந்து போட்டார்கள், கட்டை போட்டார்கள், எதுவும் வெளியே வந்ததாகத் தெரியவில்லை. கடைசியில் மாநில நீரியல் நிபுணர்கள் அருவிக்கு மேலும் கீழும் ஓடும் தண்ணீரை அளந்து பார்த்தார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. குழிக்குள் போனது கொஞ்ச தூரத்திலேயே ஆற்றில் சேர்ந்துவிடுகிறது என்று 2017இல் சொன்னார்கள். இந்தப் பயணத்தில் பேத்தி கேட்ட ஒரே இடம் இது. ஆனால் போக வர மலைப்பாதை, நடுவில் இருநூறுக்கு அருகில் படிகள். மகள் பேனாவை எடுத்து அதை அடித்தாள்.

"நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்கட்டி. நா வண்டியிலயே கெடக்கேன்" என்றார் அம்மா. அந்த வாக்கியம் மகளுக்கு ஆகாது. திருச்செந்தூரில், கொடைக்கானலில், கன்னியாகுமரிப் படகுத்துறையில் என்று பையைக் காத்துக்கொண்டு அம்மா கிடந்த இடங்களின் பட்டியல் அவளிடம் உண்டு. முடியாது என்றாள். பேத்தி அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதே வாரம் இன்னொன்றும் வெடித்தது. வண்டியின் கழிவுநீர்த் தொட்டியை எப்படிக் காலி செய்வது என்று மருமகன் ஹாலில் உட்கார்ந்து ஒரு விளக்கப் படம் பார்த்துக்கொண்டிருந்தார். பாத்திரம் கழுவும் தண்ணீருக்கு ஒரு தொட்டி, கழிப்பறைக்கு ஒரு தொட்டி. கையுறை மாட்டி, தடித்த குழாயைத் தரையில் உள்ள வாயில் பொருத்தி, முதலில் கழிப்பறைத் தொட்டி, அப்புறம் பாத்திரத் தொட்டியைத் திறந்துவிட வேண்டும். பின்னால் வரும் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். அம்மா பின்னால் நின்று பார்த்துவிட்டார். ஒன்றும் பேசவில்லை. இரவு மகளைச் சமையலறைக்குக் கூப்பிட்டார்.

"நா வரல."

"ஏம்மா?"

"மாப்பிள்ளைய போயி இந்த வேலையெல்லாம் செய்யச் சொல்லுத. எனக்கு உயிரு போயிரும்ட்டி. நீங்க போங்க."

நம் ஊரில் மாப்பிள்ளை முன்னால் மாமியார்கள் உட்காரத் தயங்கிய காலம் ரொம்பப் பின்னால் இல்லை. பதினாறு வருடமாக 'மாப்பிள்ளை' என்று மட்டுமே கூப்பிட்டு, அவர் சாப்பிட்டு எழுந்த பிறகு தட்டில் கை வைத்தவர். கழிப்பறைக்காகவே பிடித்த வண்டி, அந்தக் கழிப்பறையாலேயே ரத்தாகும் நிலைமை. மகள் நானே செய்கிறேன் என்றாள். "நீ செஞ்சா அவரு பாத்துக்கிட்டு நிப்பாரா?" அதுவும் சரிதான். மருமகன் கதவோரம் வந்து, "அத்தை, மூடின குழாயில போறது, கண்ணுக்கே தெரியாது" என்று சொல்லப் போக, நிலைமை இன்னும் மோசமானது.

தீர்வு மாடியிலிருந்து இறங்கி வந்தது. பேத்தி எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "ஆச்சி, நான் பண்றேன். கிளவ்ஸ் இருக்குல்ல? அப்பா தள்ளி நிக்கட்டும். ஆனா எனக்கு டெவில்ஸ் கெட்டில் வேணும்."

ஒப்பந்தம் கையெழுத்தானது. பகலில் கேம்ப்கிரவுண்டில் உள்ள பொதுக் கழிப்பறை, ராத்திரியும் வழியிலும் வண்டி. தொட்டியைத் திறக்கிற வேலை பேத்தியிடம், மேற்பார்வை மகளிடம், அந்தச் சமயத்தில் மாப்பிள்ளை காபி வாங்கப் போய்விட வேண்டும். பேத்தி செய்தால் ஆச்சிக்குக் கூச்சமில்லை. இவளுக்கு இரண்டு வயது வரை தான் செய்தது கணக்கில் இருக்கிறது. புதன்கிழமை அப்பாவும் பெண்ணும் படி ஏறி அருவிக்குப் போவார்கள். ஆற்றோரம் நிற்கும் வண்டியில் அம்மாவும் மகளும் டீ போட்டுக் குடிப்பார்கள். "கெடக்கேன்" என்ற சொல்லை மட்டும் மகள் தடை செய்திருக்கிறாள்.

சாப்பாட்டுப் பட்டியல் அம்மாவின் கையெழுத்தில் குளிர்பெட்டியின் மேல் ஒட்டியிருக்கிறது. முதல் நாளுக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, இரண்டாம் நாள் புளியோதரை, அப்புறம் வண்டி அடுப்பில் சோறும் ரசமும். கருங்கரடிகள் நடமாடும் காடு என்பதால் சாப்பாட்டை வெளி மேஜையில் விட்டுவிட்டுத் தூங்கக் கூடாது, எச்சில் தண்ணீரைப் புல்லில் கொட்டக் கூடாது என்று மருமகன் படித்துக் காட்டினார். பெருங்காய வாசனைக்குக் கரடி வருமா, ஓடுமா என்பது பற்றி வீட்டில் இரண்டு கட்சி. விறகு இங்கிருந்து கொண்டு போகக் கூடாது. விறகுக்குள் ஒளிந்து வரும் பூச்சி அங்கே உள்ள ஆஷ் மரங்களைத் தின்றுவிடும் என்பதால், பூங்காவில் அனுமதித்த விறகையே வாங்க வேண்டும். "மரத்துக்கு இம்புட்டுக் காபந்தா?" என்று அம்மாவுக்கு ஆச்சரியம்.

நாலு இரவுக்கு இடம் உறுதியாகிவிட்டது. வியாழக்கிழமை இரவுக்கு மட்டும் துலூத்துக்கு இந்தப் பக்கம் எங்கும் கிடைக்கவில்லை. யாராவது ரத்து செய்தால் உண்டு. பேத்தி ஆச்சியின் போனில் அந்தப் பதிவுப் பக்கத்தைச் சேமித்துக் கொடுத்து, பச்சை வந்தால் சத்தம் போடு என்று சொல்லி வைத்திருக்கிறாள். காலை ஐந்தரைக்கு எழுந்ததும் அம்மா ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பச்சை வந்திருக்கிறதா என்று பார்க்கிறார்.